மோட்டாரை மாற்றுவதற்கு முன் டேம்பரைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் ஆலையில் ப்ளோவரை பெல்ட் மூலம் இயக்கும் 15 கிலோவாட் மோட்டார் ஆண்டுக்குச் சுமார் 6,000 மணி நேரம் ஓடுகிறது. அது இரண்டு முறை ரீவைண்டிங் (சுருளைப் புதிதாகச் சுற்றுதல்) செய்யப்பட்டது. காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் மடலான டேம்பர் எப்போதும் பாதி மூடியே இருக்கும். ஐஇ3 என்ற உயர் செயல்திறன் வகுப்பு மோட்டார் வாங்கினால் மின்செலவு எவ்வளவு குறையும்?

பதில்: 15 கிலோவாட், நான்கு துருவ, 50 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கு ஐஇ1 என்ற கீழ் வகுப்பின் செயல்திறன் 88.7 விழுக்காடு, ஐஇ3-க்கு 92.1. உங்கள் மோட்டார் ஐஇ1 என்று கொண்டால், முழுச் சுமையில் இந்த வேறுபாடு சுமார் 0.6 கிலோவாட், அதாவது 6,000 மணி நேரத்தில் ஏறத்தாழ 3,700 யூனிட். உங்கள் மோட்டார் பாதிச் சுமையில் ஓடுமானால் சேமிப்பும் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

எனவே முதலில் சுமையை அளக்க வேண்டும். கிளாம்ப் மீட்டரில் தெரியும் ஆம்பியரை மட்டும் நம்பக் கூடாது. சுமையே இல்லாதபோதும் மோட்டார் கணிசமான காந்தமாக்கும் மின்னோட்டத்தை இழுக்கும் என்பதால், பெயர்ப்பலகையில் 28 ஆம்பியர் இருக்க, மீட்டர் 17 காட்டினால் உண்மைச் சுமை 60 விழுக்காட்டுக்கும் கீழேயே இருக்கும். கிலோவாட்டை நேரடியாகக் காட்டும் பவர் அனலைசர் சிறந்தது. அது இல்லையெனில் டாக்கோமீட்டரால் வேகத்தை அளக்கலாம்: முழுச் சுமை வேகம் நிமிடத்துக்கு 1,450 சுற்று என்று பொறிக்கப்பட்ட மோட்டார் 1,475-இல் சுழன்றால், காந்தப்புலத்தின் வேகமான 1,500-இலிருந்து நழுவல் (மோட்டார் பின்தங்கும் அளவு) 50-க்குப் பதில் 25 மட்டுமே, ஆகவே சுமை தோராயமாகப் பாதி.

உங்கள் பெரிய இழப்பு டேம்பரில்தான் இருக்கிறது. காற்றின் அளவு வேகத்துக்கு நேர்விகிதத்திலும், தேவைப்படும் மின்திறன் வேகத்தின் மும்மடியிலும் மாறுவதால், டேம்பரை முழுவதும் திறந்து வேகத்தை 80 விழுக்காடாகக் குறைத்தால், ப்ளோவருக்கு முழு வேகத்தில் தேவைப்படும் திறனில் ஏறக்குறைய பாதியே போதும். இதற்கு உடனே மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவியான விஎஃப்டி வாங்கச் சொல்வார்கள். காற்றின் தேவை நேரத்துக்கு நேரம் மாறினால் அது சரி. எப்போதும் ஒரே அளவுதான் வேண்டுமென்றால் புல்லியின் விட்டத்தை மாற்றினாலே போதும், விஎஃப்டிக்குள் ஏற்படும் சில விழுக்காடு இழப்பும் மிச்சம்.

ஐஇ3 மோட்டாரில் நழுவல் பொதுவாகக் குறைவு. எனவே அது சற்று வேகமாகச் சுழலும். வேகம் 1 விழுக்காடு கூடினால் ப்ளோவர் 3 விழுக்காடு கூடுதல் மின்திறன் கேட்கும்; புல்லியைச் சரிசெய்யாமல் மோட்டாரை மட்டும் மாற்றியவர்கள் சேமிப்பைக் காணாமல் திகைப்பது இதனால்தான்.

ரீவைண்டிங் என்றாலே செயல்திறன் சரியும் என்பதில்லை. பழைய சுருளை அகற்ற ஸ்டேட்டரை (மோட்டாரின் சுழலாத பகுதியை) அளவுக்கு மீறிச் சுட்டால், அதன் இரும்பு உள்ளகத் தகடுகளுக்கு இடையிலான காப்புப் பூச்சு கெட்டு உள்ளக இழப்பு கூடும். மெல்லிய கம்பி சுற்றினால் தாமிர இழப்பும் கூடும். சுமையின்றி ஓடும்போதே மோட்டார் அதிகம் சூடானால், ஸ்டேட்டர் உள்ளகத்தைச் சோதியுங்கள். அது கெட்டிருந்தால் மூன்றாம் முறை சுற்றாமல், அளந்த சுமைக்கேற்ற ஐஇ3 மோட்டாரை வாங்குங்கள்.