அரசவை இல்லாத அரசவைக் கவிஞர்

கேள்வி: லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) கவிஞர் ஒருவர் அமெரிக்காவின் அரசவைக் கவிஞராக இருந்தார் என்று போன இதழில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்களே, யார் அவர்? அமெரிக்காவில் ஏது அரசவை?

பதில்: அரசவையும் கிடையாது, அரசரும் கிடையாது. வாஷிங்டனில் இருக்கிற நாடாளுமன்ற நூலகம் 1937-லிருந்து ஒரு கவிஞரைப் பதவியில் அமர்த்திவருகிறது. முதலில் கவிதை ஆலோசகர் என்றுதான் பெயர், 1980-களின் நடுவில்தான் அரசவைக் கவிஞர் என்ற பட்டமும் சேர்ந்துகொண்டது. ஆளை நியமிப்பது நூலகத்தின் தலைவர். ஆட்சியில் இருப்பவர்களைப் புகழ்ந்து பாடவேண்டிய தொல்லை இல்லை. நான் சொன்னவர் ஹுவான் ஃபெலிப்பே எர்ரேரா. (ஆங்கில எழுத்தைப் பார்த்து 'ஹெரேரா' என்று படிக்காதீர்கள், ஸ்பானிய மொழியில் அந்த 'ஹ' ஒலிக்காது.) 2015 முதல் 2017 வரை இருந்தார். அந்தப் பட்டம் பெற்ற 21-வது கவிஞர், முதல் லத்தீனோ. கலிபோர்னியாவும் டெக்சாஸும் ஒருகாலத்தில் மெக்சிகோவாக இருந்த நாட்டில் இதற்கு 2015 வரை ஆனது என்பதை நினைத்தால் எனக்கு வாழ்த்துச் சொல்வதைவிடக் கேள்வி கேட்கத்தான் தோன்றுகிறது.

கேள்வி: கூலித் தொழிலாளி வீட்டுப் பிள்ளை என்று படித்தேன். உண்மையா, இல்லை பின்னால் ஒட்டவைத்த கதையா?

பதில்: உண்மைதான். 1948 டிசம்பர் 27 அன்று கலிபோர்னியாவில் ஃபவுலர் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா அம்மா இருவரும் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள், எந்த வயலில் அறுவடையோ அந்த வயலுக்குப் போய், கூடாரத்திலும் இழுவை வண்டி வீட்டிலுமாகக் காலம் தள்ளியவர்கள். அம்மா பாடுவார், கவிதை சொல்லுவார். இவருக்குக் கவிதை முதலில் காது வழியாகத்தான் வந்தது.

பிறகு பள்ளிக்கூடம். ஆங்கிலம் தெரியாது. அந்த அனுபவத்தை வைத்து 2000-ல் 'தலைகீழ்ப் பையன்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு குழந்தைகள் புத்தகம் எழுதினார். இடைவேளை மணி அடித்ததும் பையன் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கிறான், மற்றவர்கள் எல்லாம் விளையாடுகிறார்கள். அடுத்த மணிக்கு எல்லாரும் சாப்பிட உட்காருகிறார்கள், இவன் தனியாக மைதானத்தில் நிற்கிறான். அப்புறம் ஒருநாள் ஆசிரியை அவனை முன்னால் நிறுத்திப் பாடச் சொல்கிறார். மூன்று குருட்டு எலிகளைப் பற்றிய அந்த ஆங்கிலக் குழந்தைப் பாட்டைப் பாடுகிறான். உனக்கு அழகான குரல் என்கிறார் ஆசிரியை. 'அழகான' என்றால் என்ன அர்த்தம் என்று இன்னொருவரிடம் கேட்கவேண்டியிருக்கிறது! பாராட்டு கிடைத்தும் அது பாராட்டு என்று புரியாமல் நின்ற அந்தப் பிள்ளையை என்னால் மறக்க முடியவில்லை.

கேள்வி: பேராசிரியராகவும் இருந்தாராமே, இலக்கியம் படித்தவரா?

பதில்: முதலில் படித்தது மானுடவியல். லாஸ் ஏஞ்சலஸில் பட்டப்படிப்பு, ஸ்டான்ஃபர்டில் முதுகலை. படிக்கிற காலத்திலேயே மெக்சிகோவின் சியாபாஸ் காடுகளுக்குப் போய்ப் பழங்குடி மக்களோடு இருந்துவிட்டு வந்தார். அயோவா பல்கலைக்கழகத்தில் முறையாக எழுத்துப் பயிற்சிப் பட்டம் வாங்கும்போது வயது நாற்பதைத் தாண்டியாயிற்று, அதற்குள் புத்தகங்கள் வந்துவிட்டன. கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரப் பல்கலைக்கழகத்தில் சிகானோ (மெக்சிக வம்சாவளி அமெரிக்கர்), லத்தீன் அமெரிக்க ஆய்வுத் துறையில் பாடம் நடத்தினார், பிறகு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் படைப்பிலக்கியம். ரிவர்சைடில் அவர் வகித்த பேராசிரியர் இருக்கைக்குத் தோமாஸ் ரிவேராவின் பெயர். ரிவேராவும் வயல் வயலாகப் போன குடும்பத்துப் பிள்ளை, எழுத்தாளர், அதே பல்கலைக்கழக வளாகத்துக்குத் தலைவராக இருந்தவர்.

கேள்வி: அரசியல் எழுதுவாரா? பதவி வந்ததும் அடங்கிப்போனாரா?

பதில்: 1994-ல் கலிபோர்னியாவில் 187-வது முன்மொழிவு என்று ஒன்று வாக்கெடுப்புக்கு வந்தது. ஆவணமில்லாமல் குடியேறியவர்களுக்கு அரசுப் பள்ளி, அவசரமில்லாத மருத்துவம் எதுவும் கிடையாது என்றது. மக்கள் ஓட்டுப்போட்டு நிறைவேற்றிவிட்டார்கள், பிறகு நீதிமன்றம் தடுத்தது. எர்ரேரா அந்த எண்ணையே எடுத்துக்கொண்டு, மெக்சிகோக்காரர்கள் எல்லையைத் தாண்ட முடியாததற்கு 187 காரணங்கள் என்று 'ஏனென்றால்', 'ஏனென்றால்' என்று அடுக்கினார். பாதி காரணங்கள் கிண்டல், சில சும்மா விளையாட்டு, நடுநடுவே ஒன்று சுருக்கென்று குத்தும். கண்ணால் படித்தால் அறுபதாவது காரணத்தில் அலுத்துவிடும், நான் அங்கேதான் நிறுத்தினேன். வாய்விட்டுப் படித்தபோதுதான் பிடிபட்டது, அது கூட்டத்துக்கு முன்னால் நின்று சொல்ல எழுதியது. பதவிக்குப் பிறகும் அடங்கவில்லை, 2020-ல் வந்த தொகுப்பும் குடியேறிகளைப் பற்றியதுதான்.

கேள்வி: எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: விருது வாங்கியது என்று 2008-ல் வந்த பெரிய தொகுப்பைக் கையில் கொடுப்பார்கள். வேண்டாம், அது அப்புறம். அந்தத் தலைகீழ்ப் பையன் புத்தகத்தை எடுங்கள், ஒரு பக்கத்திலேயே ஆங்கிலமும் ஸ்பானிய மொழியும் சேர்ந்து இருக்கும். ஸ்பானியம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அதையும் சத்தமாகப் படித்துப் பாருங்கள்.