டெக்சஸ் காட்டு நெல்: கேள்வி பதில்

கேள்வி: டெக்சஸ் காட்டு நெல் உலகிலேயே ஒரே ஓர் ஆற்றில்தான் உண்டாமே? அதற்கு முதன்மையான ஆபத்து எது?

பதில்: ஆம், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் சான் மார்கோஸ் ஆறு பிறக்கும் ஊற்றுகளை அடுத்த சில கிலோமீட்டர் தொலைவுக்குள் மட்டுமே இது இயற்கையாக வளர்கிறது. நிலத்தடி நீர் இறைப்பையே நான் முதலில் வைப்பேன். எட்வர்ட்ஸ் என்னும் சுண்ணாம்புப் பாறை நீர்த்தேக்கத்திலிருந்துதான் அந்த ஊற்றுகள் பொங்குகின்றன. சான் அன்டோனியோ மாநகரும் சுற்றியுள்ள பண்ணைகளும் ஆழ்துளைக் கிணறுகள் வழியே இறைப்பதும் அதே நீர்த்தேக்கத்திலிருந்துதான். மழை பொய்த்த ஆண்டில் இறைப்பும் கூடினால் ஊற்று மெலிந்து, ஓட்டம் தளர்ந்து, ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 22 பாகை செல்சியசில் நிற்கும் நீர் சூடேறி, செடியின் மீது வண்டல் படிகிறது.

கேள்வி: நெல்லினம்தானே, தேங்கிய நீரில் வளராதா ஐயா?

பதில்: நம் நெல்லுக்கு உறவுதான்; ஆயினும் இதன் நாடா போன்ற நீண்ட இலைகள் ஓட்டத்தின் போக்கிலேயே நீருக்குள் படுத்து வாழ்கின்றன. தனக்கு வேண்டிய கரியமில வாயுவை இது ஊற்றுநீரிலிருந்தே பெறுவதால், ஓட்டம் நின்றால் உணவாக்கமும் தளர்கிறது.

கேள்வி: ஆற்றில் குளிப்போராலும் மிதவை விடுவோராலும் பெரிய கேடு வருமா?

பதில்: வரும். பூங்கதிர் நீருக்கு மேலே எழுந்தால்தான் காற்று மகரந்தத்தைக் கொண்டு செல்ல முடியும். மிதவைகள் கதிரை ஒடிக்கின்றன. மேலிருந்து அடித்து வரும் களைக்குவியல்கள் கதிரை அமுக்கி நீருக்குள் வைத்துவிடுகின்றன. இதனால் செடி பச்சையாக நின்றும் விதை பிடிப்பதில்லை. ஆழமற்ற இடங்களில் காலடி பட்டு வேரும் பெயர்ந்துவிடுகிறது.

கேள்வி: எங்கள் இலங்கைச் செடி ஒன்றும் அங்கே களையாகப் பரவியதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?

பதில்: உண்மைதான். இலங்கையின் ஓடைகளுக்கே உரிய கிரிப்டோகோரைன் பெக்கெட்டி, மீன்தொட்டி வணிகத்தின் வழியே அமெரிக்கா சென்ற செடி. 1990களில் அது சான் மார்கோஸ் ஆற்றில் காணப்பட்டு, காட்டு நெல்லின் இடத்தைப் பிடிக்கும் அளவுக்குப் பெருகியதால், ஆற்றடியைத் தோண்டியே அகற்ற வேண்டியதாயிற்று. தொட்டிச் செடியை ஆற்றில் வீசும் பழக்கம் எந்த நாட்டில் இருந்தாலும் கைவிடப்பட வேண்டியது. ஹைட்ரில்லா என்னும் நீர்க்களையும் நியூட்ரியா என்னும் நீர்க்கொறிவிலங்கும் இன்னமும் தொல்லை தருகின்றன.

கேள்வி: விதை வங்கியில் சேமித்துவிட்டால் கவலை தீராதா?

பதில்: இந்த விதை உலர்ந்தால் முளைப்புத்திறனை இழந்துவிடுவதால், சாதாரண விதை வங்கி முறை இதற்குப் பொருந்தாது. ஆகவே உயிர்ச்செடிகளையே சான் மார்கோசிலுள்ள அரசு மையத்தில் ஓடும் நீர்த்தொட்டிகளில் காத்து, ஆற்றில் நடுகிறார்கள். 1978இல் அழிவாபத்துப் பட்டியலில் சேர்த்த சட்டப் பாதுகாப்பு மட்டும் ஊற்றைக் காக்கவில்லை. ஊற்றைக் காக்கக் கோரிய வழக்கு நீதிமன்றம் ஏறிய பிறகே, 1993இல் இறைப்பைக் கட்டுப்படுத்தும் ஆணையத்தை டெக்சஸ் சட்டமன்றம் உருவாக்கியது. நடவினால் செடியின் பரப்பு கூடியிருப்பது மகிழ்ச்சியே. ஆனால் கடும் வறட்சியில் இறைப்பின் உச்சவரம்பு உறுதியாக நின்றால்தான் நட்ட செடிகளும் பிழைக்கும்.