புளி போட்டுத் தேய்க்க வேண்டாம்: பழைய பொத்தான்கள் குறித்து வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "இது என்ன விலைக்குப் போகும்?" என்பதுதான். அதற்கு நான் ஆள் இல்லை. இன்னொரு குறை: படம் அனுப்பியவர்களில் முக்கால்வாசிப் பேர் முன்பக்கத்தை மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள். பொத்தான் பேசுவது முதுகால்தான். திருப்பிப் படம் எடுங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும்.

முதல் கேள்வி: வாளையாறு பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் மெட்டல் டிடெக்டர் கத்திய இடத்தில் பித்தளைப் பொத்தான் கிடைத்தது. ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் ஒற்றைக்கொம்புக் குதிரை, மேலே கிரீடம். திப்பு காலத்துப் போர் இங்கே நடந்ததா?

அவசரப்படாதீர்கள். நீங்கள் சொல்வது பிரிட்டிஷ் அரச முத்திரை. 1871-க்கு முன்பு சாதாரணச் சிப்பாயின் பொத்தானிலும் அவன் ரெஜிமென்ட்டின் எண் இருந்தது. அந்த ஆண்டிலிருந்துதான் பெரும்பாலான படைகளுக்கு இந்தப் பொது முத்திரைப் பொத்தான் வந்தது. திப்பு இறந்தது 1799-இல். இடையில் எழுபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

அடுத்து கிரீடத்தைப் பாருங்கள். கவிழ்த்த கிண்ணம் போல உருண்டு எழுந்திருந்தால் 1901-க்குப் பிறகு, மன்னர்கள் காலத்தது. இருபுறமும் தோள் உயர்ந்து நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் விக்டோரியா காலம். (1953-க்குப் பிந்திய எலிசபெத் கிரீடத்திலும் இந்தப் பள்ளம் உண்டு, ஆனால் அது நம் ஊர் மண்ணில் கிடைக்க வழி குறைவு.) பின்பக்கம் 'பட்டன்ஸ் லிமிடெட், பர்மிங்காம்' என்றிருந்தால் 1907-க்கு முன்பு போகவே முடியாது, அந்தக் கம்பெனி உருவானதே அப்போதுதான்.

பொத்தான் கிடைத்த இடத்திலெல்லாம் பட்டாளம் நின்றதாக அர்த்தமில்லை. போர் முடிந்து ஏலத்தில் போன பழைய கோட்டு எந்தத் தோட்டக் காவல்காரர் தோளில் ஏறி வந்ததோ! அதனால்தான் எவ்வளவு ஆழம், பக்கத்தில் வேறென்ன கிடைத்தது என்று அன்றைக்கே எழுதி வைக்கச் சொல்கிறேன். தனியாகக் கிடந்த பொத்தானும், நாலு ஈயக் குண்டுகளோடு கிடந்த பொத்தானும் ஒன்றல்ல.

தட்டையான பொத்தான். முன்னால் ஒன்றுமே இல்லை. பின்னால் காதை (நூல் கோக்கும் வளையத்தை) சுற்றி 'டிரெபிள் கில்ட்' என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. மூன்று மடங்கு தங்கமாமே, ஆசாரியிடம் கொடுத்து உருக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். பர்மிங்காம் பட்டறைகளில் பாதரசத்தில் தங்கத்தைக் கரைத்துப் பூசி, சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக்கிவிடுவார்கள்; தங்கம் மட்டும் மேலே படிந்து நிற்கும். இதில் ஏமாற்று பெருகவே 1796-இல் பிரிட்டனில் சட்டம் போட்டார்கள். ஓரங்குல அகலப் பொத்தான் 144-க்கு ஐந்து கிரெயின் தங்கமாவது இருந்தால்தான் 'கில்ட்' (தங்க முலாம்) என்று போடலாம். ஐந்து கிரெயின் என்பது மூன்றில் ஒரு பங்கு கிராம் கூட இல்லை. அதை மூன்று மடங்காக்கினாலும் 144 பொத்தானுக்கும் சேர்த்து ஒரு கிராம் தேறாது. உங்களிடம் இருப்பது ஒன்று. ஆசாரியின் கூலிக்குக் கட்டாது.

ஆனால் பொத்தானாக அது நல்ல சரக்கு. ஒரே தகடு, பின்னால் பற்றவைத்த காது, இப்படித் தரம் பேசும் வாசகம் மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதி. முன்னும் பின்னும் இரண்டு தகட்டை மடித்து இறுக்கிய, உப்பிய பொத்தான் அந்த நூற்றாண்டு வளர வளரத்தான் பரவியது. முகத்தில் ஒன்றும் இல்லாததால் அது பட்டாளத்துடையதல்ல, யாரோ ஒரு துரையின் சொந்தக் கோட்டு என்று எடுத்துக்கொள்ளலாம்.

பாட்டி புளி போட்டுத் தேய்த்தார். குத்துவிளக்கு மாதிரி பளபளக்கிறது. படம் இணைத்துள்ளேன்.

பார்த்தேன். பாட்டிமேல் தப்பில்லை, பித்தளை என்றால் நம் வீட்டுக் கை தானாகப் புளிப்பானைக்குப் போகும். ஆனால் புளியின் அமிலம் பச்சைக் களிம்பை மட்டும் கரைத்துவிட்டு நிற்காது. தங்க முலாம் பூசிய பொத்தானில், முலாமின் நுண்துளை வழியே களிம்பு அடியிலிருந்து கிளம்பியிருக்கும். அது கரையும்போது மேலிருந்த தங்கமும் செதில் செதிலாகப் போய்விடும். எழுத்தின் விளிம்பு மழுங்கும். போனது போனதுதான்.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு நாள் ஊறவிடுங்கள். மண் இளகியதும் குழந்தைகளின் மெல்லிய பிரஷ்ஷால் தடவுங்கள். இடுக்கில் இருப்பதை மூங்கில் பல்குத்தியால் எடுக்கலாம், ஊசி கூடாது. ஈரமில்லாமல் உலர்த்தி, செருப்புப் பெட்டியில் வருமே சிலிக்கா ஜெல், அதோடு சிறு ஜிப் கவரில் போடுங்கள். கெட்டியான கரும்பச்சைப் படிவம் இருந்தால் இருக்கட்டும், அது பாதுகாப்பு. வெளிர்பச்சைத் தூளாக உதிர்ந்தால்தான் ஆபத்து. மண்ணின் உப்பு உள்ளே வேலை செய்கிறது என்று பொருள். அதை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே, உலர்வாக வையுங்கள். சாம்பல் நிறத்தில் மெத்தென்றிருப்பது வெள்ளீயக் கலவை. 1855-க்கு முந்திய பிரிட்டிஷ் சிப்பாய்க்கு அந்தப் பொத்தான்தான். பித்தளை பிறகு வந்தது. அதன்மேல் பிரஷ்கூட வேண்டாம்.

ஒலவக்கோட்டில் தாத்தாவின் பெட்டியில் 'எஸ்.ஐ.ஆர்' என்று பொறித்த பொத்தான் ஆறு இருக்கின்றன. யாரோ 'சர்' பட்டம் வாங்கியவருடையதா?

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். சவுத் இந்தியன் ரயில்வே. 1874-இல் பிறந்து, 1951 ஏப்ரலில் தெற்கு ரயில்வேக்குள் கரைந்தது. உங்கள் ஊர்த் தடத்தைப் போட்டது வேறு கம்பெனி, மெட்ராஸ் ரயில்வே. 1908-இல்தான் அந்தத் தடம் எஸ்.ஐ.ஆர் கைக்கு வந்தது. தாத்தா அந்தத் தடத்திலேயே வேலை பார்த்தவர் என்றால் பொத்தான் 1908-க்கும் 1951-க்கும் இடைப்பட்டது. ஆறையும் பிரிக்காதீர்கள்.

சித்தூர்ப் புழையில் துவைக்கிற கல் பக்கம் நாலு துளைப் பொத்தான்தான் கிடைக்கிறது. முத்திரை போட்டது ஒன்றுகூட இல்லையே?

நல்ல கேள்வி. வெப்ப நாட்டுச் சீருடையில் முத்திரைப் பொத்தானைத் தைக்க மாட்டார்கள். துணியின் துளை வழியே காதை நுழைத்து, உள்ளே சிறு வளையம் மாட்டுவார்கள். சலவைக்குப் போடும் முன் கழற்றிவிடலாம். கல்லில் அடி வாங்கித் தெறித்தது தைத்த பொத்தான்கள்தான். கால்சட்டைப் பொத்தானில் 'பெஸ்ட் ரிங் எட்ஜ்' என்றிருந்தால் அது படையின் பெயர் அல்ல, வெறும் தரப் பீற்றல்.

சங்கு போட்ட பொத்தான்?

முதலில் திருவிதாங்கூரை நினையுங்கள். சங்கோடு பல்லக்கும் குடையும் விளக்கும் சேர்ந்திருந்தால் கொச்சி. சித்தூர் கொச்சி ராஜ்யத்தில் இருந்தது, பாலக்காடு மலபார் மாவட்டத்தில். அதனால் சில மைலில் முத்திரை மாறும்.

பாலக்காட்டுக் கோட்டை அகழி ஓரம் அதிகாலையில் ஆள் இருக்காது. ஒரு சுற்று போகலாமா?

கூடாது. அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். அனுமதியில்லாமல் தோண்டினால் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். காப்புக்காட்டிலும் அனுமதியில்லாமல் தோண்டக் கூடாது. சொந்தத் தோப்பில் புதையல் என்று சொல்லத்தக்கது கிடைத்தாலும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். கேரளத்துக்குத் தனியாக 1968-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. நூறு வருடம் தாண்டிய பொருளை வெளிநாட்டு ஆளுக்குத் தபாலில் அனுப்பும் யோசனையையும் (இன்னொருவர் கேட்டிருந்தார்) விட்டுவிடுங்கள். 1972 சட்டத்தில் அதற்குக் குறைந்தது ஆறு மாதச் சிறை.

நங்கூரம் போட்ட தங்க நிறப் பொத்தான், கொழிஞ்சாம்பாறை கல்யாண மண்டபம் பின்னால். கடற்படையா?

கடலுக்கும் உங்கள் ஊருக்கும் தூரம் அதிகம். பின்பக்கம் பிளாஸ்டிக்கா என்று பாருங்கள். பிளாஸ்டிக் என்றால் பேண்டு வாத்தியக்காரர் யாரோ தேடிக்கொண்டிருப்பார்.