மெசின் கழுவுவதும் கைவேலைதான்

கொழும்பு பஞ்சிகாவத்தையில், உதிரிப்பாகக் கடைகளுக்கு நடுவே என் கராஜ். பெரும்போக அறுவடை முடிந்ததும் மெசின் கழுவுவது பற்றிக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை நான்கு.

நெல் வெட்டு மெசினை வேறு ஊருக்கு அனுப்புகிறோம். வெளியே தண்ணீர் அடித்தால் போதாதா? (அம்பாறை)

போதாது ஐயா. உள்ளே தங்கும் நெல்தான் வில்லங்கம். அதில் களைநெல் இருந்தால், போகிற ஊர் வயலில் நீங்களே விதைத்த மாதிரி. அதுவும் நெல்லினம்தான், சாதாரண நெற்பயிரை விட்டுவிட்டு அதை மட்டும் கொல்ல மருந்தடிக்க முடியாது. அறுத்த வயலிலேயே மெசினைச் சில நிமிடம் வெறுமையாக ஓட விடுங்கள். பிறகு எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நெல் தொட்டியின் அடிமூடியையும் நெல் ஏறும் குழாய்களின் அடிமூடியையும் திறவுங்கள். மேலிருந்து கீழாகக் காற்றடியுங்கள். தண்ணீர் கடைசியில்தான். முதலிலேயே நனைத்தால் தூசி களியாகி மூலைகளில் இறுகிவிடும்.

ரேடியேற்றரைக் கழுவியும் எஞ்சின் சூடாகிறதே? (வவுனியா)

வெளிப்பக்கமிருந்து அடித்திருப்பீர்கள். விசிறி உள்ளே இழுத்த பதரை நீங்கள் இன்னும் உள்ளே தள்ளிவிட்டீர்கள். எஞ்சின் ஆறியபின் விசிறிப் பக்கமிருந்து வெளியே, மெதுவான காற்றால் ஊதுங்கள். வேகமாக அடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

மருந்தடிக்கும் தாங்கியை ஒருமுறை நிறையத் தண்ணீர் விட்டு அலசினால் சரியா?

கொஞ்சம் கொஞ்சமாக மூன்று முறை அலசுங்கள். அலசிய தண்ணீரை மருந்தடித்த வயலிலேயே தெளியுங்கள், வாய்க்காலில் வேண்டாம். மருந்து தெளிக்கும் முனை அடைத்தால் அதை வாயால் ஊதவே கூடாது.

என் மகன் வீடியோ பார்த்தே பழகலாம் என்கிறான். எப்படிச் சொல்லிக் கொடுப்பது? (கிளிநொச்சி)

பார்க்கட்டும் அண்ணா, வரிசை விளங்கும். ஆனால் கிறீஸின் நிறத்தை விரலில் எடுத்துத்தான் பழக வேண்டும். பழகுகிற காலத்தில் நான் பெயரிங்குக்கு நேராகப் பிரஷர் தண்ணீர் அடித்தேன். எனக்கு வேலை பழக்கிய பாஸ் ஏசவில்லை. கிறீஸ் துப்பாக்கியைத் தந்து அடிக்கச் சொன்னார். பழைய கிறீஸ் பால்தேநீர் நிறத்தில் பிதுங்கி வந்தது. "தண்ணி உள்ளுக்குப் போயிட்டுது, நல்ல கிறீஸ் வரும்வரை அடி" என்றார். அதற்குப் பிறகு ஒயில் சீல், பெயரிங் பக்கம் நான் துணியும் பிரஷும்தான்.

அடுத்த முறை கழுவும்போது துப்பாக்கியை மகனிடம் கொடுங்கள். வருகிற கிறீஸைத் தொட்டு, என்ன நிறம், ஏன் அப்படி என்று அவனே சொல்லட்டும். பிழையாகச் சொன்னாலும் துப்பாக்கியை உடனே வாங்கிவிடாதீர்கள். கிறீஸ் அடிக்கும் அடுத்த நிப்பிளையும் அவனே பார்க்கட்டும்.