பனியில் குச்சி ஊன்றிப் போவதில் பார்க்க என்ன இருக்கிறது?

கேள்வி: கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங் போட்டிகளை யாராவது உண்மையிலேயே உட்கார்ந்து பார்க்கிறீர்களா? ஒரு பருவம் முழுக்கப் பின்தொடரும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது?

பதில்:

பார்க்கிறோம். நான் 2023 நவம்பர் 24 முதல் 2024 மார்ச் 17 வரை ஒரு உலகக் கோப்பைப் பருவத்தை ஏறக்குறைய முழுதாகப் பார்த்தவன். என் விருப்பத்தில் ஆரம்பித்தது இல்லை, மகள் இழுத்துவிட்டது.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸில் பல வருடமாக இருக்கிறேன். இங்கே பள்ளிக்கூடங்களிலேயே இதற்கு அணி உண்டு. தோழி சேர்ந்தாள் என்று இவளும் சேர்ந்தாள். எனக்கு அப்போது இந்த விளையாட்டின் மேல் மரியாதையே கிடையாது. மலை உச்சியிலிருந்து தலைகுப்புறப் பாய்ந்து வருகிற ஸ்கீயிங் என்றால் சரி, ஸ்கீ ஜம்ப் என்றால் பறக்கிறார்கள், அதுவும் சரி. இது என்ன, இரண்டு கையிலும் குச்சியை ஊன்றிக்கொண்டு மேட்டில் ஏறுவதும் இறங்குவதும்? பழனிக்குப் பாதயாத்திரை போகிற கூட்டத்தைப் பார்ப்பது போல இருக்கும் என்று சொல்லி அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "அப்பா, ஒரு தடவை நீங்க ஸ்கீயை மாட்டிக்கிட்டு அந்த மேட்டுல ஏறிக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்." ஏறினேன். அதாவது, ஏற முயன்றேன். அதோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் உலகக் கோப்பை எங்கள் ஊருக்கே வருவதாக இருந்தது. ஏற்கெனவே 2020 மார்ச்சில் வரவேண்டியது. கொரோனாவால் கடைசி நேரத்தில் ரத்தாகி, ஊரே மனம் உடைந்து போயிருந்தது. அமெரிக்க மண்ணில் கடைசியாக இந்தப் போட்டி நடந்தது 2001ல். ஆகவே நேரில் பார்க்கும்போது யார் எவர் என்றாவது தெரியட்டும் என்று முதல் வாரத்திலிருந்தே பார்க்க உட்கார்ந்தேன்.

பருவம் ஃபின்லாந்தின் ரூக்காவில் தொடங்கும். பிறகு சுவீடன், நார்வே, இத்தாலி, சுவிட்சர்லாந்து, ஜெர்மனி என்று வாரா வாரம் ஊர் மாறும். நடு ஐரோப்பாவுக்கும் எங்களுக்கும் ஏழு மணி நேர வித்தியாசம். அங்கே காலை பதினொரு மணிப் போட்டி எனக்கு விடியற்காலை நாலு மணி. மார்கழி மாதத்தில் நாலு மணிக்கு எழுந்து பழக்கப்பட்ட குடும்பம்தான், ஆனால் அது கோயிலுக்கு.

முதலில் புரியவேண்டியது கணக்கு. ஒரு போட்டியில் ஜெயித்தால் 100 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 95, மூன்றாமிடத்துக்கு 90. இப்படியே இறங்கி ஐம்பதாவது ஆள் வரைக்கும் புள்ளி உண்டு. இதைப் பார்த்ததும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் ஐந்தே புள்ளிதான், ஆனால் காய்ச்சல் என்று ஒரு போட்டிக்கு வராமல் விட்டால் மொத்தமும் போச்சு. ஆக, பருவக் கோப்பையான அந்தக் கண்ணாடி உருண்டை அதிவேகக்காரருக்குத்தான் போகும் என்று சொல்லிவிட முடியாது. நாலு மாதம் சளி பிடிக்காமல், விழாமல், தூக்கம் கெடாமல், வாரா வாரம் வந்து நிற்பவருக்கும் அதில் பங்கு உண்டு. நார்வேயின் யோஹான்னஸ் க்லேபோவைவிடத் திறமையான ஆண் வீரர் அந்த வருடம் யாரும் இல்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் டிசம்பர் கடைசியில் அவருக்கு உடம்பு சரியில்லாமல் போய், டூர் டி ஸ்கீ முழுவதையும் தவறவிட்டார். அந்த வருடம் ஒன்பது நாளில் ஏழு போட்டி நடந்த தொடர் அது. ஒட்டுமொத்தமாக ஜெயிப்பவருக்குத் தனியாக 300 புள்ளி. அந்தத் தொடரையும் பருவக் கோப்பையையும் சேர்த்து எடுத்துக்கொண்டவர் அவருடைய நாட்டுக்காரரே, ஹரால்ட் ஓஸ்ட்பெர்க் அமுன்ட்சென்.

இரண்டாவது விஷயம் மெழுகு. இதை யாரும் முன்பே சொல்லியிருந்தால் நான் முன்பே பார்க்க ஆரம்பித்திருப்பேன். ஸ்கீயின் அடிப்பகுதியில் என்ன மெழுகு தேய்க்கிறார்கள் என்பதில் பாதி ஆட்டம் முடிந்துவிடும். கிளாசிக் முறையில், இரண்டு கோடாக வெட்டிய தடத்துக்குள் ஸ்கீயை நேராக ஓட்டவேண்டும். பாதத்துக்கு அடியில் பனியைப் பிடித்துக்கொள்ளும் மெழுகு, முன்னும் பின்னும் வழுக்கும் மெழுகு. அளவு தப்பினால் மேட்டில் பின்னால் வழுக்கும், அல்லது இறக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். ஸ்கீயைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் போகும் ஸ்கேட்டிங் முறையில் வழுக்கும் மெழுகு மட்டும் போதும். ஒவ்வொரு அணிக்கும் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். விடியுமுன் தடத்துக்குப் போய்ப் பனியின் ஈரத்தையும் சூட்டையும் பார்த்து, ஜோடி ஜோடியாக ஓட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். தோற்றவர்கள் மெழுகைத் திட்டுவது நம் ஊரில் பிட்சைத் திட்டுவது மாதிரி. சில நேரம் நியாயமாகவே இருக்கும்.

அந்தப் பருவத்தில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. ஈரப்பனியில் தண்ணீரை விலக்கி ஸ்கீயைப் பறக்கவிடும் ஃபுளோரின் மெழுகை, உடம்புக்கும் மண்ணுக்கும் கேடு என்று சர்வதேச ஸ்கீ சம்மேளனம் அந்த வருடம்தான் முழுமையாகத் தடை செய்தது. ஸ்கீயின் அடியில் அகச்சிவப்புக் கதிர் கருவியை வைத்துச் சோதிப்பார்கள். மிச்சம் மீதி ஒட்டியிருந்தாலும் ஆட்டத்திலிருந்து நீக்கம். பல வருடம் கூட்டிக் கழித்து வைத்திருந்த ரகசியச் சேர்மானங்களை எல்லாம் மூட்டைகட்டிவிட்டு, எல்லா அணிகளும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

இப்போது நான் பார்க்க உட்கார்ந்த உண்மையான காரணத்துக்கு வருகிறேன்: ஜெஸ்ஸி டிக்கின்ஸ். எங்கள் மாநிலத்தில் ஆஃப்டன் என்ற சின்ன ஊர்க்காரர். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் கிக்கன் ராண்டலோடு சேர்ந்து, இந்த விளையாட்டில் அமெரிக்காவின் முதல் தங்கத்தை வாங்கியவர். 2021ல் பருவக் கோப்பையையும் வென்றார். கன்னத்தில் மினுமினுப்புத் தூள் பூசிக்கொண்டு வருவார். இறுதிக் கோட்டைத் தாண்டியதும் அப்படியே பனியில் மல்லாந்து விழுந்து மூச்சுக்குத் தவிப்பார். முதல் தடவை பார்த்தபோது யாராவது டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று பதறினேன். "எல்லாரும் அப்படித்தான்பா விழுவாங்க" என்றாள் மகள்.

அந்தப் பருவம் தொடங்குவதற்குச் சற்று முன், 2023 செப்டம்பரில், இளம் வயதில் தனக்கிருந்த உணவுக் கோளாறு திரும்பி வந்துவிட்டதாக டிக்கின்ஸ் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். எடை குறைந்தால் மேடு ஏறுவது சுலபம் என்ற எண்ணம் சுற்றிச் சுற்றி வரும் விளையாட்டு இது. பதின்வயதுப் பெண்ணை அந்த அணியில் விட்டிருக்கும் தகப்பனுக்கு, உலகத்தின் முன்னணி வீராங்கனை இதை வாய்விட்டுச் சொன்னது ஒரு பதக்கத்தைவிடப் பெரிய விஷயம். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்தப் பேச்சு வந்ததே அவரால்தான்.

உடம்பைக் கவனித்துக்கொண்டுதான் ஓடுவேன் என்று வந்தவர், இரண்டாவது வாரமே சுவீடனின் யெல்லிவாரேயில் 10 கிலோமீட்டர் ஜெயித்தார். டூர் டி ஸ்கீயின் கடைசி நாள் இத்தாலியின் அல்பே செர்மிஸ் மலையில். சாதாரண நாளில் ஆல்பைன்காரர்கள் சறுக்கி இறங்குகிற சரிவில் இவர்கள் ஏறவேண்டும். சில இடங்களில் சரிவு 28 சதவீதம். திருப்பதி மலைப்படியை ஸ்கீ கட்டிக்கொண்டு ஏறுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அன்றைய ஏற்றத்தை முதலாவதாக முடித்தது இன்னொரு அமெரிக்கப் பெண், சோஃபியா லாக்லி. அது அவருக்கு முதல் உலகக் கோப்பை வெற்றி. ஒட்டுமொத்தத் தொடர் டிக்கின்ஸுக்கு. நார்வேயின் ஹைடி வெங் இரண்டாவது, ஃபின்லாந்தின் கெர்ட்டு நிஸ்கானென் மூன்றாவது.

ஜனவரியில் ஓபர்ஹோஃப், கோம்ஸ் ஊர்களில் நடந்த போட்டிகளை அரைத்தூக்கத்தில் பார்த்தேன். ஒன்றும் நினைவில்லை. அப்போது என் கவலையெல்லாம் எங்கள் ஊர்ப் பனியைப் பற்றி. பனியே இல்லை. மினசோட்டாவில் அவ்வளவு வெதுவெதுப்பான குளிர்காலத்தை நான் பார்த்ததில்லை. போட்டி நடக்கவேண்டிய தியடோர் விர்த் பூங்கா கோடையில் கோல்ஃப் மைதானம். பிப்ரவரியிலும் அது பழுப்புப் புல்லாகவே கிடந்தது. இயந்திரத்தில் செய்த பனியை ஒரு பாதையாகக் கொட்டி, வெள்ளை நாடா விரித்தது போல வைத்திருந்தார்கள். அலுவலகத்தில் பந்தயமே கட்டினார்கள், நடக்குமா நடக்காதா என்று. போட்டிக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது வானம் மனமிரங்கியது. நிஜப் பனி கொட்டியது. காலையில் ஜன்னலைத் திறந்து பார்த்த மகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

பிப்ரவரி 18, ஞாயிறு, 10 கிலோமீட்டர் ஸ்கேட்டிங். அரை நிமிடத்துக்கு ஒருவராகக் கிளம்பி, கடிகாரத்தோடு ஓடுகிற போட்டி. டிவியில் பார்க்க இதுதான் இருப்பதிலேயே மந்தமானது, பக்கத்தில் பக்கத்தில் யாரும் ஓடமாட்டார்கள். நேரில் அது வேறு. மரங்களுக்கு நடுவே நாலைந்து வரிசை ஆழத்துக்குக் கூட்டம். எங்கேயோ தூரத்தில் மாட்டு மணியும் கூச்சலும் கிளம்பும், அது மேட்டைச் சுற்றி நம்மை நோக்கி உருண்டு வரும், வந்து சேரும்போது அதன் நடுவில் ஒரு ஆள் இருப்பார். மூச்சு இரைப்பது காதில் கேட்கும், எச்சில் தாடியில் உறைந்திருக்கும், போய்விடுவார். சத்தமும் அவரோடு போய்விடும். பெண்கள் போட்டியில் சுவீடனின் யொன்னா சுண்ட்லிங் ஜெயித்தார், டிக்கின்ஸுக்கு மூன்றாமிடம். அவர் எங்களைக் கடந்தபோது எழுந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

ஆனால் அன்றைய கதை ஆண்கள் போட்டி. கஸ் ஷூமாக்கர், அலாஸ்கா பையன், வயது 23. முடித்தபோது பலகையில் முதலிடம். சரி, நார்வேக்காரர்கள் வரட்டும் என்று எல்லோரும் காத்திருந்தோம். ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவரின் நேரமும் அவருடையதற்குக் கீழேதான் விழுந்தது. பக்கத்தில் நின்ற வயதான மினசோட்டாக்காரர், கைக்கடிகாரத்தையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். "பில் கோக்குக்கு அப்புறம் இதுதான்" என்றார். 1982ல் பருவக் கோப்பையை வென்ற அமெரிக்கர் கோக். ஸ்கேட்டிங் முறை பரவியதே அவரால் என்று சொல்வார்கள். அவருக்குப் பின், 1983க்குப் பிறகு, நீண்ட தூரப் போட்டியில் ஜெயித்த முதல் அமெரிக்க ஆண் ஷூமாக்கர்தான். அந்தப் பெரியவருக்கு நாற்பது வருடக் காத்திருப்பு. எனக்கு மூன்று மாதம். இருந்தாலும் என் கண்ணும் கலங்கியது, குளிரினால் என்று மகளிடம் சொன்னேன்.

மார்ச்சில் மறுபடி ஐரோப்பா. ஓஸ்லோவின் ஹோல்மென்கோலனில் 50 கிலோமீட்டர். முந்தைய பருவத்திலிருந்து ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே தூரம் என்று விதி மாறியிருந்தது. அதற்கு முன் அங்கே பெண்களுக்கு 30தான். "இதுக்கு எதுக்கு இவ்வளவு வருஷம்?" என்று மகள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

பருவக் கோப்பைக்கான புள்ளிகளில் டிக்கின்ஸை விடாமல் துரத்தியவர் லின் ஸ்வான். தோள்பட்டைக் காயத்தால் நீண்ட காலம் ஒதுங்கியிருந்து திரும்பிய சுவீடன்காரர். கடைசி வாரம் ஃபாலுனில், அதாவது ஸ்வானின் சொந்த நாட்டில். மார்ச் 17, கடைசிப் போட்டி, 20 கிலோமீட்டர், எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவது. கணக்குப்படி டிக்கின்ஸ் பத்திரமாகப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தாலே போதும் என்று நான் தாளில் கூட்டிப் பார்த்துச் சொன்னேன். அவர் அதை ஜெயித்தே முடித்தார். வழக்கம் போல மல்லாந்து விழுந்தார். இந்தத் தடவை நான் பதறவில்லை.

எங்களுக்கு இன்னும் விடிந்திருக்கவில்லை. மகள் நேராக அடித்தளத்துக்குப் போய் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினாள். பருவம் முடிந்தால் ஸ்கீயின் அடியில் மெழுகைக் கனமாக உருக்கி ஊற்றி, சுரண்டாமல் அப்படியே விட்டுவிடவேண்டுமாம், கோடையில் காய்ந்துபோகாமல் இருக்க. நான் ஸ்கீயைப் பிடித்துக்கொண்டேன். வீடு முழுக்க உருகிய மெழுகு வாசனை. மேலே தூங்கிக்கொண்டிருந்த என் மனைவி, கரண்ட் போய்விட்டதா, யார் மெழுகுவத்தி ஏற்றியது என்று கேட்டுக்கொண்டே இறங்கி வந்தாள்.