மலாயா ரயில்வேயில் வேலை பார்த்த பூட்டனாரை எங்கே தேடுவது?

கேள்வி: எங்கள் பூட்டனார் 1899 வாக்கில் யாழ்ப்பாணத்திலிருந்து கோலாலம்பூருக்குப் போய், ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்து, ஸ்டேஷன் மாஸ்டராக ஓய்வுபெற்றார் என்று வீட்டில் சொல்வார்கள். சீருடையில் எடுத்த ஒரு புகைப்படம்தான் எஞ்சியிருக்கிறது. அவருடைய பணிப் பதிவேட்டை எங்கே கேட்டுப் பெறலாம்?

பதில்: பணிப் பதிவேட்டை மட்டுமே நம்பித் தேடினால் வெறுங்கையோடு திரும்பும் வாய்ப்பு அதிகம். காலனி ஆட்சியின் காகிதங்கள் ஆள்வாரியாக அடுக்கப்பட்டவை அல்ல. எந்த அலுவலகத்துக்கு வந்தனவோ அந்த அலுவலகத்தின் வரிசையில் கிடக்கின்றன. ஆகவே பூட்டனார் எந்த ஆண்டில் எந்த அரசிடம் சம்பளம் வாங்கினார் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

1899-இல் 'மலாயா ரயில்வே' என்று ஒன்று இல்லை. பேராக் அரசு தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை போட்ட பாதை 1885 ஜூன் 1 அன்று திறக்கப்பட்டது. அதைப் போடுவதற்கு இலங்கையிலிருந்து முன்னோடிப் படைப்பிரிவு (பயனியர் கோர்) என்ற அரசுத் தொழிலாளர் படையினரை வரவழைத்தார்கள். அடுத்த ஆண்டே சிலாங்கூர் அரசு கோலாலம்பூரையும் கிள்ளான் பக்கத்தையும் இணைத்தது. சிரம்பான்–போர்ட் டிக்சன் பாதையையோ 1891-இல் ஒரு தனியார் கம்பெனி திறந்தது. 1901-இல்தான் பேராக், சிலாங்கூர் ரயில்வேக்கள் ஒன்றாகி, கூட்டு மலாய் மாநிலங்களின் (பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகியவற்றின் கூட்டாட்சி) ரயில்வே, அதாவது எஃப்.எம்.எஸ்.ஆர்., உருவாயிற்று. அதன் முதல் பொது மேலாளர் சி.இ. ஸ்பூனர், இலங்கைப் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்துவிட்டு மலாயாவுக்கு வந்தவர். ஆங்கிலம் படித்த யாழ்ப்பாண இளைஞர்களை அவர் அறிந்திருந்தார். ரயில்வே மேசைகளில் அவர்கள் அவ்வளவு பேர் அமர்ந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

கோலாலம்பூரில் 1899-இல் சேர்ந்தார் என்பது சரியானால், முதல் இரண்டு ஆண்டுகள் அவர் சிலாங்கூர் அரசின் ஊழியர். அந்தக் காலத்துக்குச் சிலாங்கூர் செயலகக் கோப்புகளைப் பாருங்கள். மலேசியத் தேசிய ஆவணக் காப்பகமான அர்கிப் நெகாராவில் அவை இருக்கின்றன. பட்டியலை இணையத்திலேயே தேடலாம். என் கணிப்பில் உங்களுக்கு மிகப் பயன்படக்கூடிய தொகுப்பு இதுதான்.

இந்தக் கோப்புகளுக்கு எண்ணும் ஆண்டும்தான் அடையாளம். மேலுறையில் தேதி, அனுப்பியவர், ஒரு வரியில் பொருள். உள்ளே மனு இருக்கும். அதை அடுத்து ஒவ்வோர் அதிகாரியும் வரிசை எண் போட்டு எழுதிய குறிப்பு, சுருக்கொப்பம், தேதி. விடுப்பு மனு என்றால், தாம் எப்போது சேர்ந்தார், என்ன சம்பளம், ஊருக்கு ஏன் போக வேண்டும் என்பதை மனுதாரரே எழுதியிருப்பார். பதிவேட்டில் ஒரு வரியாக முடிந்துபோகிற மனிதர் இங்கே தம் சொந்தக் கையெழுத்தில் பேசுவார். ஆகவே பெயரைப் போட்டு எதுவும் வராவிட்டால் விட்டுவிடாதீர்கள். ரயில்வே, எழுத்தர், விடுப்பு, இடமாற்றம் என்று பொருளைப் போட்டு ஆண்டுவாரியாகத் தேடுங்கள்.

1901-க்குப் பிறகு ரயில்வே கூட்டாட்சித் துறையாகிவிட்டது. காகிதங்கள் அந்தக் கூட்டாட்சியின் தலைமைப் பிரிட்டிஷ் நிர்வாகியான ரெசிடென்ட் ஜெனரலின் அலுவலகத்துக்குப் போயின. அந்தப் பதவி 1911-இல் தலைமைச் செயலாளர் என்று பெயர் மாறியது. சிலாங்கூர்க் கோப்புகளில் ஒருவர் திடீரென்று காணாமற்போனால் வேலையை விட்டுவிட்டார் என்று முடிவுகட்டாதீர்கள்.

நியமனமும் பதவி உயர்வும் அரசிதழிலும் வரும். சிலாங்கூர் அரசிதழ் 1890-இல் தொடங்கியது. 1909 முதல் கூட்டு மாநிலங்களுக்கென்று ஒரே அரசிதழ். கீழ்நிலை எழுத்தர்கள் எல்லோரும் அதில் ஏறிவிடவில்லை, மேலே போகப் போகத்தான் பெயர் தென்படும். லண்டன் கியூ (Kew) பகுதியிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் குடியேற்ற நாட்டு அலுவலகக் கடிதங்கள் கொள்கை விவகாரங்களுக்கு உதவும். ஒரு ஸ்டேஷன் மாஸ்டருக்காக அங்கே செலவழிக்க வேண்டாம்.

சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இலவசப் பத்திரிகைத் தளத்தைத் தவறவிடாதீர்கள். விபத்து விசாரணையிலும் சரக்குத் திருட்டு வழக்கிலும் ஸ்டேஷன் மாஸ்டர் சாட்சி சொன்ன செய்திகள், பிரிவுபசாரங்கள், மரண அறிவித்தல்கள் அதில் கிடைக்கும். பழைய அச்சைக் கணினி தவறாகப் படிக்கும். போதாக்குறைக்கு, கந்தையாவை ஒரு குமாஸ்தா 'கே' எழுத்திலும் இன்னொருவர் 'சி' எழுத்திலும் தொடங்குவார். பெயரைவிட நிலையத்தின் பெயரையும் ஆண்டையும் பிடித்துக்கொள்வது நல்லது.

நிலையத்தின் பெயர் ஊரில்தான் கிடைக்கும். பூட்டனாரின் அந்தியேட்டிக்கு, அதாவது இறப்புக்குப் பின் செய்யும் சடங்குக்கு, அச்சிட்ட 'கல்வெட்டு' என்னும் நினைவு நூல் உறவினர் யாரிடமாவது இருக்கிறதா என்று கேளுங்கள்; 'நூலகம்' என்ற பெயருள்ள ஈழத்தமிழ் மின்னூலகத் தளத்திலும் இத்தகைய நினைவு மலர்கள் இருக்கின்றன. மலாயாவில் இருந்தபடி காணி வாங்கியவர் என்றால், நொத்தாரிசு எழுதிய உறுதியிலும் (காணிப் பத்திரம்) அற்றோர்னித் தத்துவத்திலும் (தமக்காக வேறொருவர் செயல்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) அவர் அப்போது இருந்த ஊர் பதிவாகியிருக்கலாம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலிலும் விசாரியுங்கள். யாழ்ப்பாணத்தார் கட்டிய கோயில் அது.

எழுத்தர் என்பதால் உங்கள் பூட்டனாருக்கு இத்தனை வழிகள் இருக்கின்றன. அதே பாதையில் சல்லி கொட்டி, தண்டவாளம் தூக்கிய தமிழ்த் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் இதே கேள்வியைக் கேட்டால் பதில் சொல்ல மனம் கனக்கிறது. அவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே பதிவானார்கள். அவர்களுடைய கூலியையும் குடியிருப்பையும் பற்றி 1920-கள் முதல் இந்திய அரசின் மலாயா முகவர் எழுதிய ஆண்டறிக்கைகளில் படிக்கலாம். பெயர்களைக் காண்பது அரிது.

காப்பகத்துக்கு எழுதும்போது குடும்ப வரலாற்றை முழுதும் எழுத வேண்டாம். பெயரும் அதன் எழுத்து வேறுபாடுகளும், பதவி, நிலையம், உத்தேசமான ஆண்டுகள், இணையப் பட்டியலில் நீங்கள் கண்டெடுத்த கோப்பு எண்கள் ஆகியவை போதும். கோப்பு எண் குறிப்பிட்ட கடிதத்துக்குத்தான் விரைவில் பதில் வரும். புகைப்படத்தின் பின்புறத்தையும் அட்டையின் அடிப்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். ஸ்டூடியோவின் பெயரும் ஊரும் அங்கே அச்சாகியிருந்தால், எந்த நிலையத்திலிருந்து தேடத் தொடங்குவது என்பது தெரிந்துவிடும்.