தேனீ இறகுகளும் சராசரியும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் மதுரையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அழகர்மலை, சிறுமலை, உசிலம்பட்டி ஆகிய இடங்களில், இடத்துக்கு 4 அடுக்குத் தேனீக் கூடுகளும் கூட்டுக்கு 20 வேலைக்காரத் தேனீக்களுமாக எடுத்து, இரு முன்னிறகுகளிலும் நரம்புகள் சந்திக்கும் 19 புள்ளிகளை இருமுறை குறித்தேன். ஒருமுறை குறித்ததற்கு ஒரு வரிசையாக மொத்தம் 960 வரிசைகள். வடிவங்களை ஒப்பிட உதவும் மார்ஃபோஜே மென்பொருளில் இடவாரியாகச் சராசரி எடுத்தபோது, வேறுபாடு மிகுந்த திசைகளான முதல் இரண்டு அச்சுகளிலேயே வேறுபாடு நூறு சதவீதமும் அடங்கிவிட்டது; மூன்று இடங்களும் தெளிவாகப் பிரிந்து நின்றன. இதையே முடிவாக எழுதலாமா? சராசரியை எக்செல்லில் எடுத்தாலும் சரிதானா?

அன்புடன்,
ஓர் ஆய்வு மாணவி

அன்புள்ள ஆய்வாளருக்கு,

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். படத்திலிருந்து வந்த எண்களை அப்படியே எக்செல்லில் கூட்டி வகுக்கக் கூடாது. இறகைக் கண்ணாடித் தகட்டில் எந்தச் சாய்வில் வைத்தீர்கள், எவ்வளவு பெரிதாக்கிப் படமெடுத்தீர்கள் என்பவையும் அந்த எண்களுக்குள் இருக்கின்றன. 960 வரிசைகளையும் ஒரே புரோக்ரஸ்டீஸ் பொருத்தத்தில், அதாவது வடிவங்களை நகர்த்தி, அளவு மாற்றி, சுழற்றி ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும் முறையில் சேர்த்து, இடது இறகுகளைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி, இடமும் அளவும் சாய்வும் நீங்கிய பிறகே சராசரி என்ற சொல்லுக்குப் பொருள் வரும். பல வடிவங்களை ஒன்றாகப் பொருத்திப் பொதுச் சராசரி காணும் இந்த முறையை புள்ளியியலாளர் கோவர் 1975-இல் வகுத்தளித்தார். ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியாகப் பொருத்திவிட்டுப் பின்னர் ஒப்பிடுவதும் தவறுதான்.

இனி முதல் கேள்வி. மூன்று புள்ளிகள் எத்தனை பரிமாண வெளியில் இருந்தாலும் அவை ஒரு தளத்தில் அடங்கிவிடும். 19 புள்ளிகளால் அமையக்கூடிய வடிவங்கள் எல்லாம் அடங்கும் வடிவவெளிக்கு 34 பரிமாணங்கள் உண்டு. ஆனால் நீங்கள் அதில் மூன்று சராசரிகளை மட்டும் விட்டுவைத்ததால், இரண்டு அச்சுகளில் நூறு சதவீதம் வருவதைத் தவிர வேறு வழியே இல்லை. இடத்தின் பெயர்களைக் கலைத்துப் போட்டு, 240 தேனீக்களையும் கண்ணை மூடிக்கொண்டு மூன்று குவியலாகப் பிரித்துச் சராசரி எடுத்திருந்தாலும் இதே நூறு சதவீதம்தான் கிடைத்திருக்கும். எனவே அந்தப் படத்தை முடிவாக எழுத வேண்டாம் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

அதற்காக 960 வரிசைகளையும் தனித்தனிச் சான்றுகளாக வைத்துச் சோதிக்கவும் கூடாது. இருமுறை குறித்தவை ஒரே இறகுக்கு உரியவை. இரண்டு இறகுகளும் ஒரே தேனீக்கு உரியவை. ஒரு கூட்டின் வேலைக்காரத் தேனீக்களோ ஒரே ராணியின் மக்கள். ராணி பல ஆண் தேனீக்களோடு கூடுவதால் அவர்களில் முழுச் சகோதரிகளும் அரைச் சகோதரிகளும் இருப்பார்கள். ஆனால் அந்நியர் எவரும் இல்லை. இடங்களுக்கிடையே வேறுபாடு உண்டா என்பது உங்கள் கேள்வியானால், அதற்குச் சாட்சி சொல்லக்கூடிய அலகு கூடுதான். உங்களிடம் இருப்பவை 12 சாட்சிகள்.

ஆகவே சராசரியைப் படிப்படியாக எடுங்கள். இருமுறை குறித்தவற்றைக் கலப்பதற்கு முன், அவற்றைக் கொண்டு வடிவ வேறுபாட்டை அதன் காரணங்கள் வாரியாகப் பிரிக்கும் புரோக்ரஸ்டீஸ் மாறுபாட்டுப் பகுப்பாய்வு செய்து, உங்கள் கை எவ்வளவு தடுமாறுகிறது என்பதை அளந்துவிடுங்கள். கலந்த பிறகு அந்தப் பிழையை மீட்க முடியாது. ஆய்வாளர்கள் கிளிங்கென்பெர்க்கும் மெக்கின்டயரும் 1998-இல் இடவல வேறுபாட்டைக் குறிப்புப் பிழையிலிருந்து பிரித்துக் காட்டியதும், இவ்வாறு திரும்பக் குறித்த தரவை வைத்துத்தான். அதன்பின் தேனீ வாரியாக 240, கூடு வாரியாக 12 என்று இறங்கி, அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இட வாரியான சராசரி, இறகின் வடிவத்தை வரைந்து காட்டுவதற்கு மட்டும் பயன்படட்டும். உடலளவின் பங்கையும் ஆராய்வதாக இருந்தால் மையத்தொலைவு அளவையும் (புள்ளிகள் தம் மையத்திலிருந்து எவ்வளவு பரவியுள்ளன என்று காட்டும் இறகளவு) இதே படிகளில் சராசரியாக்குங்கள். ஒவ்வொரு படியிலும் உருவாகும் புதிய தரவுத்தொகுதிக்கு உடன்மாறுபாட்டு அணியை (புள்ளிகள் எப்படிச் சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் அட்டவணை) மீண்டும் கணக்கிட வேண்டும்.

வரிசைப் பெயர்களையும் ஒருமுறை சரிபாருங்கள். மார்ஃபோஜே, பெயரில் இத்தனையாவது எழுத்திலிருந்து இத்தனையாவது எழுத்து வரை என்று பார்த்துத்தான் குழுவைப் பிரிக்கும். கூட்டு எண்ணைச் சில வரிசைகளில் 7 என்றும் சிலவற்றில் 07 என்றும் எழுதியிருந்ததால், நான் ஒருமுறை இல்லாத கூடுகளுக்கெல்லாம் சராசரி எடுத்து ஒரு மாத உழைப்பை இழந்திருக்கிறேன். மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தரவில்லை.

கூட்டளவில் சோதிக்கும்போது ஒரு நெருக்கடி வரும். அழகர்மலையையும் சிறுமலையையும் மட்டும் ஒப்பிட்டால், 8 கூடுகளை நான்கு நான்காகப் பிரிக்க 35 வழிகளே உண்டு. ஆகையால், கூடுகளின் இடப்பெயர்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் வரிசைமாற்றுச் சோதனையில் பி மதிப்பு (இவ்வளவு வேறுபாடு தற்செயலாகவே வரக்கூடிய வாய்ப்பு) 0.029-க்குக் கீழே இறங்கவே முடியாது. கூட்டுக்கு இன்னும் நூறு தேனீக்களைப் பிடித்தாலும் இந்த எல்லை நகராது. கூடுகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் நகரும். இடத்துக்கு மேலும் 4 கூடுகள் தேடி, கூட்டுக்கு 10 தேனீக்கள் எடுத்தால் போதும் என்பது என் கருத்து. இதுவரை செய்த உழைப்பில் பாதிதான் அது. அப்போது அந்த 35 வழிகள் 6435 ஆகிவிடும்.

அன்புடன்,
உங்கள் கடிதத்துக்கு நன்றியுடன்